நாதஸ்வரத்துக்குப் பின்னால் போன மஞ்சள் கார்

"படிச்ச பொண்ணும் அந்த முசே காரும் ஒண்ணுதான்டி. பாக்க அழகா இருக்கும். நம்ம தெருவுல ஓடாது."

மெட்ராஸுக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அத்தை இப்படிச் சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்மா இறந்தபிறகு என்னையும் அக்காவையும் வளர்த்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டமும் வாங்கிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கொழுந்தனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள், படிப்பை இதோடு நிறுத்திவிட வேண்டும் என்ற பேச்சோடு. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் காரியம். ஆனால் கார் என்று காதில் விழுந்ததும் அவர் தலை குனிந்துவிட்டது. அப்படி ஆகும் என்று அத்தைக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; ஊரே அப்படிக் கூப்பிட்ட அவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பிய தமிழர். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய குடும்ப வீடு இருந்தது. திரும்பி வந்தபோது கப்பலில் ஒரு காரையும் கொண்டுவந்தார். அங்கே யாரோ ஒரு பணக்காரன் ஓட்டிச் சலித்துப்போய் விற்றதாம். முசே தன் சேமிப்பையெல்லாம் அதில் போட்டுவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எலுமிச்சம்பழ மஞ்சள். இரண்டே இருக்கை. என் இடுப்பு உயரம்கூட இல்லை. அதைக் கிளப்பினால் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் கேட்கும். முதல் தடவை கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தினால் அல்ல. இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் எங்கோ இருக்கிறார்கள் என்ற நினைப்பினால்.

மில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவை முசே வேலைக்கு வைத்துக்கொண்டார். தெருவில் அப்பாவை டிரைவர் என்றார்கள். ஆனால் அப்பா ஒருநாளும் அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அது பிரான்ஸ் சாலைக்குச் செய்த கார். ஸ்டீயரிங் இடது பக்கம். முன்னால் ஒரு பஸ்ஸோ மாட்டு வண்டியோ போனால் எதிரே என்ன வருகிறது என்று முசேவுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பா கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்து, "போலாம் முசே" என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. அதோடு, கார் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் வாசல் சாக்கடை மேட்டில் இரண்டு பலகை போட வேண்டும். இல்லையென்றால் காரின் வயிறு தட்டும்.

ஒரு நாள் ஷெட்டில் வைத்து அப்பா என்னை அதில் உட்காரவைத்தார். தோல் இருக்கையின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. கண்ணாடி வழியே பார்த்தால் தோட்டக்காரரின் முழங்கால் தெரிந்தது. "இதுல போனா ஊரே முழங்காலாத்தான் தெரியும்" என்று அப்பா சிரித்தார்.

வேகமாக ஓட்ட ஊருக்குள் இடம் ஏது? ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் வடக்குச் சாலைக்குப் போவார்கள். ஒரே ஒரு தடவை முசே அழுத்திவிட்டாராம். "வயிறு பின்னாடியே நின்னுபோச்சு, நான் மட்டும் முன்னால போனேன்" என்று அப்பா எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சந்தோஷம் பிள்ளைச்சாவடி வரைதான். அங்கே சாலையிலேயே மீன் காயவைத்திருந்தார்கள். காரை நிறுத்துவதற்குள் சக்கரம் அதன்மேல் ஏறிவிட்டது. "இம்மாம் அவசரமா எங்க சாமி போற, கடலுக்கா?" என்று ஒரு அம்மா கேட்டாளாம். கருவாட்டு நாற்றம் போகிறவரை அப்பா காரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அக்காவுக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோரும் வாடகைக்கு எடுக்கிற பழைய திறந்த கார் ஒன்று நெல்லித்தோப்பிலேயே கிடைக்கும். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்க முசே கார் வரும்" என்று சபையில் சொல்லிவிட்டார். முசேவுக்கும் கொள்ளைச் சந்தோஷம். அந்தக் காரை நாலு பேர் நின்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்ததே என்று.

மாப்பிள்ளை அழைப்பில் கார் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்னால் நாதஸ்வரம், தவில். வாசிப்பவர்கள் நாலு அடி நடந்து நின்று வாசிப்பார்கள். ஊர் கேட்க வேண்டும். அதற்குப் பின்னால் கார் ஊர்ந்து வரும். எங்களுக்குத் தெரிந்த அந்த நடையும் அந்தக் காரும் சேராது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பின்னால் கல்லூரியில் படித்தபோது புரிந்தது. காற்று வந்து அடித்தால்தான் அந்த எஞ்சினின் சூடு தணியும். ஊர்ந்துகொண்டே போனால் கிளட்ச் தேய்ந்து கருகிவிடும். ஓடினால்தான் அதற்கு உயிர்.

பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டோம். மல்லிகைச் சரம் சுற்றிய மஞ்சள் காரில் முசே. அவருக்கு வலப்பக்கம் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. தோழனுக்கு இடமில்லை. அப்பாவுக்கும் இடமில்லை. ஆனாலும் பழக்கம் விடாமல் காருக்கு வலப்பக்கமாக நடந்துகொண்டே "வரலாம் முசே, வரலாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதற்குப்பின்னும் பார்க்கவில்லை.

மார்க்கெட் திருப்பத்தில் ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம் வந்தது. பிறகு புகை. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நாதஸ்வரக்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். புகைக்குள்ளிருந்து மாப்பிள்ளை இறங்க வேண்டியிருந்தது. அவ்வளவு தாழ்வான காரிலிருந்து பட்டு வேட்டியோடு எப்படி இறங்குவது? இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தவழ்ந்துதான் வெளியே வந்தார்.

"இன்னாய்யா, மாப்ளைய மண்ணு தின்ன வச்சிட்டீங்க?" என்று அவருடைய மாமா கத்தினார். தெருவே சிரித்தது. மாப்பிள்ளை மீதித் தூரத்தை நடந்தே வந்தார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அக்கா அந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து 'கார்க்காரன் பொண்ணு' ஆகிவிட்டாள். குழம்பில் உப்பு குறைந்தாலும் கார் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கார் வரும். அத்தான் வாய் திறப்பதில்லை. அன்று தவழ்ந்ததை அவராலும் மறக்க முடியவில்லை போலிருக்கிறது.

காருக்குக் கிளட்ச் பிளேட் பிரான்ஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வரவில்லை. முசே ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினார். ஓடாத காருக்கு வழி பார்க்க ஆள் எதற்கு? அதையும் அவர் சொல்லவில்லை, அப்பாவே புரிந்துகொண்டார். ஒரு வருஷம் கழித்து முசே மகளோடு இருக்கப் பிரான்ஸுக்கே போய்விட்டார். அப்பா இப்போது ஒரு மளிகைக் கடையில் மூட்டை எடுத்துவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கித் துடைத்துவிட்டு வருகிறார். துடைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. டயர் எல்லாம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. உள்ளே பூனை குட்டி போட்டிருக்கிறது.

இதையெல்லாம் வைத்துத்தான் அத்தை அன்று அப்படிச் சொன்னாள். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அது ஓடாத கார் இல்ல அத்தே. நாமதான் அத நாதஸ்வரத்துக்குப் பின்னால ஓட்டுனோம்."

"வாய் மட்டும் நல்லா ஓடுது" என்றாள் அத்தை. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி. அரியாங்குப்பத்துக்காரங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். கழுத்து தானாக வலப்பக்கம் நீண்டது. "எதிர்ல இன்னா வருதுன்னு எனக்குத் தெரியலக்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போ என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அடுத்த நாள் அரியாங்குப்பம் போனேன். அக்கா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சாம்பல் கையோடு எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வூட்டுக்கு நான் ஒருத்தி போதும்" என்றாள் மெதுவாக. "நீ போயிடு. பஸ்ல போ. கார் கீர்னு யாரையும் கேக்காத." அவள் அப்படிச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

போன திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போய், கல்லூரியில் சேர்ந்து, ஹாஸ்டலில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன். அரியாங்குப்பத்து வீட்டுக்கு இன்னும் யாரும் போய்ப் பதில் சொல்லவில்லை.