டீ கொட்டாத லேப்டாப்

முனீஸ்வரிக்கு டீ என்றால் உயிர். எழுந்ததும் ஒன்று, குளித்ததும் ஒன்று, புருஷன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் நிம்மதியாக ஒன்று. அப்படிப்பட்டவள் தை மாதத்தோடு டீயை அடியோடு நிறுத்திவிட்டாள். யாராவது கேட்டால் பித்தம் என்பாள். பித்தமுமில்லை, கித்தமுமில்லை. எல்லாம் வீரமணியால் வந்தது.

அபிராமத்தில் பிறந்து, ஒரு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து, இராமேஸ்வரத்தில் வாக்கப்பட்டவள் அவள். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் மேசை அவள் பொறுப்பு. அந்த மேசைக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. யாத்திரை வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் ஈர வேட்டியோடு நேரே வந்து நிற்பார்கள். நின்றால் பரவாயில்லை. மேசைமேல் சாய்ந்து, தன் பேரைச் சரியாக அடித்திருக்கிறாளா என்று திரையை எட்டிப் பார்ப்பார்கள். சொட்டுவதெல்லாம் கடல் தண்ணீர். மேசையில் இருந்ததோ நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு சின்ன லேப்டாப், நெட்புக் என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு பழைய துண்டை மடித்து அணைகட்டி வைத்திருப்பாள் முனீஸ்வரி. "சாமி, தள்ளி நில்லுங்க சாமி" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்படித்தான் அந்த மெஷின் அத்தனை வருஷம் பிழைத்துக் கிடந்தது.

தை மாதம் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று அபிராமத்துக்குப் போனாள். அந்த ஒரு நாள் மேசையில் உட்கார்ந்தவன் வீரமணி. முதலாளியின் மச்சினன், ஊரில் நாலைந்து லாட்ஜுகளுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். வந்ததும் வராததுமாக, "கல்லாவுல என்ன அழுக்குத் துண்டு" என்று சுருட்டி மூலையில் எறிந்தானாம். கூட்டிப் பெருக்குகிற அக்கா பிறகு சொன்னாள். மறுநாள் முனீஸ்வரி வந்து பொத்தானை அழுத்தினால் மெஷின் கீகீ என்று கத்தியதே தவிர விண்டோஸ் வரவில்லை. வீரமணி வந்து திருப்பிப் பார்த்தான், உலுக்கிப் பார்த்தான். மேசையில் அவள் அப்போதுதான் குடித்து வைத்த கிளாஸ் இருந்தது. அவனுக்கு அது போதும். முதலாளியைக் கூப்பிட்டான்.

"டீயைக் கொட்டியிருக்கு அத்தான். மதர்போர்டு போச்சு."

"மொதலாளி, நான் நேத்து ஊர்லயே இல்லையே. வீரமணி அண்ணன்தான இங்கன உக்காந்திருந்தாரு."

"நான் எந்திரிச்சுப் போறப்ப நல்லாத்தான் ஓடுச்சு" என்றான் வீரமணி. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

முதலாளி மச்சினன் பேச்சைக் கேட்டார். மேசைக்கு வேறு ஆள் வரும் வரை வீரமணியே பார்ப்பான் என்றும், முனீஸ்வரி மாடியில் துணி அறைக்குப் போகட்டும் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து படுக்கை விரிப்பு துவைக்கப் போடுவதும் மடிப்பதும் அவள் வேலை. தெருவில் அவளுக்கு 'டீ முனீஸு' என்று பேர் விழுந்தது. மாமியார் வீட்டில் கிளாஸை நீட்டும்போதே, "பாத்துத்தா, கொட்டிராத" என்று சிரித்தார்கள். வீரமணி வாயாலேயே உண்மை வருகிறவரை டீயைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

"விட்டுத் தொலைடி" என்றான் புருஷன்.

"நீங்க வேணா விடுங்க. நான் விட மாட்டேன்."

செத்த மெஷின் துணி அறையில் கிழிந்த தலையணைகளோடு கிடந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள். "கொண்டுபோத்தா, அதுலயாவது டீ ஊத்திக் குடி" என்றார் அவர். பக்கத்தில் நின்ற வீரமணி விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

விரிப்புகள் மொட்டை மாடியில் காய்கிற மத்தியானங்களில் வேலையைத் தொடங்கினாள். பழைய மெஷினுக்கு விண்டோஸைவிட லினக்ஸ் நல்லது, சுமை குறைவு என்று டிப்ளமாவில் கேட்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். செருகினால், இந்த லினக்ஸ் இந்த மெஷினுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுகொண்டது. அவள் ஏற்றி வந்தது புது மெஷின்களுக்கான அறுபத்துநாலு பிட். அந்தக் கிழட்டு மெஷினுக்கு முப்பத்திரண்டுதான் செரிக்கும். திரும்பவும் நடந்தாள், வேறு ஏற்றினாள். இந்தத் தடவை மெனு வந்தது. ஆனால் தேர்வு செய்யும் பட்டை ஒரு இடத்தில் நிற்காமல் தானாகக் கீழே கீழே ஓடியது. பென் டிரைவை மாற்றினாள், செருகும் ஓட்டையை மாற்றினாள், வீரமணியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். பட்டை ஓடிக்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. கீழ் அம்புக்குறி பட்டன் அழுந்தினபடியே சிக்கியிருக்க வேண்டும். மெஷினை அணைத்துவிட்டு, ஊக்கு முனையால் அந்தப் பட்டனை நெம்பினாள். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலில் ஒற்றி நாக்கில் வைத்தாள்.

கரித்தது. டீ என்றால் சீனி இனித்திருக்கும், பாலாடை பிசுபிசுத்திருக்கும். இது சுத்தமான கடல் உப்பு.

உடனே கீழே ஓடி முதலாளியிடம் காட்டலாம் என்றுதான் கால் கிளம்பியது. படிக்கட்டில் நின்றுவிட்டாள். இப்போது காட்டினால் அவன் வேறொரு பொய் சொல்வான், அவரும் தலையாட்டுவார். உப்பைச் சுரண்டி ஒரு திருநீற்றுத் தாளில் மடித்து முந்தானையில் முடிந்தாள். அவன் தப்பிக்க வழியே இல்லாத ஒரு நாள் வரட்டும் என்று காத்திருந்தாள். நல்ல குணமில்லைதான். அவளுக்கும் அது தெரியும், ஆனாலும் அந்தக் காத்திருப்பு இனித்தது.

மெஷினைப் பிரித்து, வண்டி பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தாள். மொட்டை மாடியில் காயவைத்தால் கடல் காற்றே மறுபடி உப்பேற்றிவிடும். அதனால் இஸ்திரி போட்ட சூடு ஆறாத விரிப்புகளுக்கு நடுவில் வைத்துக் காயவைத்தாள். பட்டன் சரியானது. லினக்ஸ் ஏறியது. ஏறி முடித்துத் திரும்பத் தொடங்கினால் திரை கறுப்பு. செத்தேவிட்டதோ என்று செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்தாள். உள்ளே மங்கலாக எழுத்துகள் ஓடின. உயிர் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. யூடியூபில் தேடித் தேடி, தொடங்கும்போது சேர்க்க வேண்டிய ஒரு கட்டளை வரியைக் கண்டுபிடித்துச் சேர்த்தாள். திரை பளிச்சென்று விழித்தது. வைஃபை கார்டு மட்டும் உப்பரித்துப் போயிருந்தது, என்ன செய்தும் எழவில்லை. போனைக் கேபிளில் மாட்டி அதிலிருந்தே நெட்டை வாங்கினாள். லாட்ஜின் ரூம் கணக்கெல்லாம் நெட்டில்தான். பிரௌசரில் திறந்து பார்த்தாள், வந்தது. அவள் பாஸ்வேர்டைக்கூட எவனும் மாற்றவில்லை.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. கீழே வீரமணி பளபளவென்று புது லேப்டாப் வாங்கி, அதே தாழ்ந்த மேசையில் வைத்திருந்தான். துண்டு இல்லை, அணை இல்லை. மேலேயிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முனீஸ்வரி ஆடி அமாவாசையை எண்ணிச் சந்தோஷப்பட்டாள்.

ஆடி அமாவாசை வந்தது. விடிவதற்குள் தெரு முழுக்க ஈரத்தலை. லாட்ஜ் வாசலில் நெருக்கித் தள்ளிய கூட்டம் அப்படியே மேசைமேல் சாய்ந்தது. வீரமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படிக்கட்டில் பாதி ஏறி வந்து கத்தினான்.

"ஏ முனீஸு! ஒரு துண்டு குடு, சீக்கிரம்!"

அவளுக்குப் பின்னால் அலமாரி நிறையத் துண்டு அடுக்கியிருந்தது.

"எல்லாம் ரூமுக்குப் போயிருச்சுண்ணே" என்றாள்.

அவன் இறங்கி ஓடினான். அவள் ஒரு தலையணை உறையை எடுத்து நிதானமாக நாலாக மடித்தாள். இன்னொன்றை மடித்தாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் காது கொடுத்திருந்தாள்: "அத்தான், ஸ்கிரீன் போயிருச்சு!"

கீழே ஒரே கூச்சல். எந்த ரூம் காலி, யார் முன்பதிவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி தன் போனில் பார்க்கப்போய் எழுத்து தெரியாமல் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். முனீஸ்வரி நெட்புக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்து, மேசைக்கு அந்தப்புறம் நின்றாள்.

"மொதலாளி, டீ குடிச்ச மெஷின் ஓடுது. உக்காரவா?"

"உக்காருத்தா, ஆத்தா, உக்காரு!"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு." முந்தானை முடிச்சை அவிழ்த்து, தாளைப் பிரித்து வீரமணி முன் நீட்டினாள். "இது அந்தப் பட்டனுக்கு அடியில இருந்தது. டீயில சீனிதான போடுவாக? நாக்குல வச்சுச் சொல்லுங்கண்ணே."

அவன் அத்தானைப் பார்த்தான். அவரோ அவன் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த புது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வச்சுப் பாருலே" என்றார்.

வீரமணி வைத்தான். முகம் கோணியது.

"சத்தமாச் சொல்லுங்க. தெருவுக்குக் கேக்கணும்."

"உப்பு" என்றான். பிறகு, அவள் இன்னும் நின்றுகொண்டே இருந்ததால், "அன்னைக்கு நான் உக்காந்திருந்தப்பத்தான் தண்ணி சொட்டுச்சு. டீ கொட்டல" என்றான்.

பெருக்குகிற அக்கா வாசலிலிருந்தே கைதட்டினாள். முனீஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கேபிளில் மாட்டினாள். ரூம் பட்டியல் திரையில் வந்தது. மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். மடிப்புக் கலையாத, நல்ல வெளுத்த துண்டு. மாடியிலிருந்து இறங்கும்போதே கொண்டுவந்திருந்தாள். அதை வீரமணி மேல் எறிந்தாள்.

"கேட்டீகள்ல. இந்தாங்க. மேசைகிட்ட நின்னு தொடைங்க. சாமிமார தள்ளி நிக்கச் சொல்லுங்க."

பொழுது சாயும் மட்டும் அவன் நின்று துடைத்தான். கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, முதலாளி தயங்கித் தயங்கி மேசைப் பக்கம் வந்தார். "ஏதாச்சும் சாப்பிடுறியாத்தா?"

"ஒரு டீ" என்றாள் முனீஸ்வரி. "அண்ணன் வாங்கிட்டு வரட்டும்."

கொண்டுவந்த டீயை அவள் நெட்புக்கை ஒட்டினாற்போல் வைத்தாள். வைத்துவிட்டு வீரமணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆற அமரக் குடித்தாள்.