பத்து நிமிடக் கணக்கு

வீதி வேலையில் ஒரு வசதி உண்டு: முடியும்வரை எல்லோரும் ஏசுவார்கள், முடிந்த பிறகு எங்களை ஒருவருக்கும் நினைவிருக்காது.

நீங்களும் காலையில் மில்லிக்கனிலிருந்தோ பிக்கரிங்கிலிருந்தோ காரில் போய் மாய்கிறவர்கள்தான். வழி மறிக்கிற செம்மஞ்சள் பீப்பாய் வரிசையைக் கண்டதும் உங்கள் வாயில் என்ன வரும் என்று தெரியும். அந்தப் பீப்பாய்களை வைத்தவர்களில் நானும் ஒருவன். ஏசுங்கள். அது எனக்குப் பழக்கம். வேறு ஒரு காரியத்துக்காக என்னை ஏசியிருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். அவர்கள் ஏசவில்லை. அதுதான் கரைச்சல்.

கோல் பிடிக்கிற உத்தியோகம்

தொண்ணூறுகளின் தொடக்கம். யூனியன்வில்லுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். எந்தக் காலத்திலோ ஜெர்மன்காரர் வந்து காடு வெட்டிக் குடியேறிய இடம். அவர்களுடைய தேவாலயம், அவர்களுடைய ஆப்பிள் தோட்டங்கள், ஒரே ஒரு பெருந்தெரு. வடக்கே போகிற லொறி எல்லாம் அந்தத் தெருவுக்குள்ளால்தான் போக வேண்டும். வீடுகளின் யன்னல் கண்ணாடி நடுங்கும். ஊரைச் சுற்றி ஒரு பைபாஸ் போடுவதென்று முடிவாகி, அளவெடுக்கிற கூட்டத்துக்கு ஆள் தேடினார்கள். போனேன்.

கூட்டத்துக்குத் தலைவர் ஹெல்முட். அவரும் ஜெர்மன்காரர்தான், ஆனால் பிறகு கப்பலில் வந்தவர். உன் நாட்டில் என்ன செய்தாய் என்று கேட்டார். இலங்கையில் இருபது வருடம் வீதி ஓவசியர் என்றேன். நூறு பேரை வைத்து வேலை வாங்கினவன் என்றும் சொன்னேன். அது தேவையில்லாத கதை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிவப்பும் வெள்ளையும் அடித்த கோல் ஒன்றை என் கையில் தந்தார்.

“நல்லது. அப்படியென்றால் நேராகப் பிடிப்பாய்.”

மூன்று நிறக் கோடுகள்

தேவாலய மண்டபத்தில் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். சுவரில் பெரிய வரைபடம். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கோடுகள். எந்தக் கோட்டால் வீதி போகலாம் என்று ஊர் சொல்ல வேண்டும். நான் வாசலில் நின்று அந்த வரைபடம் அச்சடித்த கடதாசி கொடுத்தேன்.

சிவப்புக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் நீலம் நல்லது என்றார்கள். நீலத்துக்காரர் பச்சை என்றார்கள். பச்சைக் கோட்டில் இருந்தது எல்சா என்ற கிழவியின் ஆப்பிள் தோட்டம் மட்டும்தான். மூன்று மணி நேரம் கதைத்துப் பச்சையே முடிவாயிற்று. லொறிச் சத்தத்துக்கு எதிராக ஊரில் முதல் மனு எழுதினவர் அந்த எல்சாதான் என்று பிறகு அறிந்தேன். வெளியே போகும்போது என் கையிலிருந்த கடதாசியை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“லொறி வேண்டாம் என்று எழுதினேன். என் மரங்களுக்குள் வா என்று எழுதவில்லை.”

பெருந்தெருவில் ஒரு ரோல்ஸ்

அந்த ஊரில் தமிழர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவேயில்லை. டோனட் கடை ஒன்றுக்குள் மழைக்கு ஒதுங்கினேன். கல்லாவுக்குப் பின்னால் ஒருவர், “வாங்கோ அண்ணை” என்றார். ராசநாயகம், ஊர் உரும்பிராய். மனைவி புஷ்பம். வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். முன்னுக்கு வெள்ளைக்காரருக்கு டோனட்டும் கோப்பியும். பின்னுக்கு, கேட்டால் மட்டும், மட்டன் ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும்.

கடை எந்நேரமும் நிறைந்திருக்கும். பாதிப் பேர் லொறிக்காரர். ஒரு தடியன் லொறிக்காரனுக்கு ரோல்ஸ் பிடித்துப் போய், பெயர் தெரியாமல் அதைக் கை காட்டியே வாங்குவான். அன்றிலிருந்து என் மதியச் சாப்பாடு அங்கேதான். புஷ்பம் காசு வாங்க மாட்டா. நான் வைத்துவிட்டு வருவேன். அவ பின்னால் வந்து என் கோட்டுப் பைக்குள் திரும்பப் போடுவா.

“றோட்டு வேலையிலை நிக்கிற மனுசன். குளிருக்கை விறைக்கிறியள். சும்மா குடியுங்கோ.”

கோப்பிக்குப் பெட்டி இல்லை

பைபாஸ் வந்தால் ஊர்க்கடைகள் படுத்துவிடுமா என்று சிலர் கேட்டார்கள். அதற்கு ஒரு கணக்கெடுப்பு. ஊரின் தெற்கு வாசலில் நான், வடக்கு வாசலில் இன்னொருவன். மடக்குக் கதிரை, பலகை, கடிகாரம். வருகிற வாகனத்தின் நம்பரையும் நேரத்தையும் எழுத வேண்டும். ஊரைக் கடக்க நாலு நிமிடம் காணும். பத்து நிமிடத்துக்குள் மற்ற வாசலில் அதே நம்பர் வந்தால், அவன் கடந்து போகிறவன்; பைபாஸால் போய்விடுவான். பத்து நிமிடம் தாண்டினால், ஊரில் அலுவல் உள்ளவன். பைபாஸ் வந்தாலும் உள்ளே வருவான். இதுதான் விதி.

ஒரு வாரம் எழுதினேன். ஒருநாள் சாப்பிடப் போனால், நான் எழுதின லொறிகள் வரிசையாக ராசநாயகத்தின் கடை வாசலில் நிற்கின்றன. ரோல்ஸ் தின்கிற தடியனும் நிற்கிறான். கால் மணி நேரம் இருந்து, கழிப்பறைக்குப் போய், கோப்பியோடு வடக்கே போனான். எங்கள் தாளில் அவன் ஊரில் அலுவல் உள்ளவன். அவனுக்கு அந்த ஊரில் ஒரு அலுவலும் கிடையாது. வழியில் கடை இருந்தது, நின்றான்.

ஹெல்முட்டிடம் சொன்னேன். அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நான் ஓவசியராக இருந்த காலத்தில் இப்படி ஒரு கணக்கை மேசையில் போட்டுக் கிழித்திருப்பேன். இங்கே கோல் பிடிக்கிறவன். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நீ சொல்வது சரியாக இருக்கலாம்” என்றார் ஹெல்முட். “ஆனால் படிவத்தில் கோப்பிக்குப் பெட்டி இல்லை.”

இரண்டு வசனம்

அறிக்கை வந்தது. ஊருக்குள் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அங்கே அலுவல் இருக்கிறதாம். கடைகளுக்குப் பயமில்லையாம். நல்ல கடதாசியில் அச்சடித்திருந்தார்கள்.

அந்தக் கிழமைதான் ராசநாயகத்தின் கட்டிடக்காரன் கட்டிடத்தை விற்கப் போகிறேன் என்றான். வாங்குகிறாயா, விட்டுவிட்டுப் போகிறாயா? ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் வேறு கடையும் இவர்களுக்குச் சரிவந்திருந்தது. புஷ்பத்துக்கு அங்கே போக விருப்பம். ராசநாயகத்துக்கு இதை விட மனமில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“அண்ணை, பைபாஸ் வந்தா இந்தக் கடை ஓடுமோ?” என்றார் ராசநாயகம்.

மதிய இடைவேளை முடிய ஐந்து நிமிடம். தேத்தண்ணி சூடு. எனக்கு எப்போதும் அவசரம். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஓவசியர் புத்தி. “கணக்கெடுத்தாச்சு. ஓடும், வாங்குங்கோ” என்றேன். இரண்டே வசனம். லொறிகள் வாசலில் நின்றதைக் கண்ணால் கண்டவன் நான். அதைச் சொல்லவில்லை.

புஷ்பம் மட்டும் நகரவில்லை. “அண்ணை, உந்த லொறிக்காரர் பெரிய றோட்டை விட்டிட்டு ஒரு கோப்பிக்கு உள்ளுக்கு வருவாங்களோ?” என்று கேட்டா. நான் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். பதிலை ராசநாயகம் சொன்னார்.

“இருபது வருசம் றோட்டுப் போட்ட மனுசன் சொல்லுறார். அவருக்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்?”

வாங்கினார்கள்.

திறப்பு விழா

இரண்டு கோடை வேலை. களிமண், தண்ணீர், மறுபடி களிமண். எல்சாவின் மரங்களை ஒரே காலையில் பிடுங்கினார்கள். கோல் நேராகத்தான் பிடித்தேன். பிறகு ரிப்பன் வெட்டினார்கள். அன்று பின்னேரம் பெருந்தெருவுக்குப் போனேன். ஒரு லொறி இல்லை. வீடுகளுக்கு வெளியே வந்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அமைதி வந்துவிட்டது.

கடைக்குள் எல்சா மட்டும் இருந்தார், முன்னால் ஒரு கோப்பி. அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அதே மேசை, அதே கோப்பி, ஆறிப் போயிருக்கும். அவ்வளவு விருப்பமா என்று ஒருநாள் கேட்டேன். கிழவி கல்லாப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார்.

“எனக்குக் கோப்பி பிடிக்காது. கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆளாவது தெரிய வேண்டும்.”

இரண்டாம் கணக்கு

ஒரு வருடம் கழிய, பைபாஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மறுபடி கணக்கெடுப்பு. அதே தெற்கு வாசல், அதே மடக்குக் கதிரை. காலையிலிருந்து மதியம்வரை எழுதினது ஒரு பக்கம்கூட வரவில்லை. தபால் வான். பள்ளிக்கூட பஸ். எல்சாவின் பழைய கார்.

சாப்பிடக் கடைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து பாண் கொண்டு போயிருந்தேன். ஏன் என்று உங்களுக்கு விளங்கும். ராசநாயகம் தெரு நீளத்துக்கும் நடந்து வந்தார், கையில் பிளேன்ரீயும் ஒரு ரோல்ஸும். அடுத்த மாதம் பூட்டுகிறோம் என்றார். வாங்க ஆளில்லையாம். கடன் தந்த வங்கி எடுத்துக்கொள்ளுமாம். பழியை என் தலையில் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பலகையை எட்டிப் பார்த்தார். அந்தப் பத்து நிமிட விதியை நான்தான் ஒருகாலம் அவருக்குப் பெருமையாக விளங்கப்படுத்தியிருந்தேன்.

“காலமையிலையிருந்து இருக்கிறியள் அண்ணை. உங்களையும் ஊரிலை அலுவல் உள்ள ஆள் எண்டு எழுதுங்கோ.”

மில்லிக்கன் பிளாசா

பிறகு ராசநாயகம் டாக்சி ஓடினார். புஷ்பத்தை இரண்டு வருடம் காணவில்லை. ஒரு சனிக்கிழமை மில்லிக்கனில் ஒரு பிளாசாக் கடைக்குள் இடியப்பம் வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் அவ. வேறொருவரின் கடை, சம்பளத்துக்கு. தலையில் வலை, கையில் பிளாஸ்டிக் உறை. திரும்பிப் போகலாமென்றால் கண்டுவிட்டா.

சொல்லத்தான் வேண்டும் என்று சொன்னேன். “பிள்ளை, அண்டைக்கு நான் லொறியளை வாசலிலை கண்டனான். கண்டும் அப்பிடிச் சொல்லிப்போட்டன். பிழை என்னிலைதான்.” என் ஆயுளில் நான் கேட்ட நீளமான மன்னிப்பு அது. அவ இடியப்பத்தைக் கட்டினா. கேட்காமலே நாலு ரோல்ஸையும் உள்ளே வைத்தா. நான் காசை வைத்தேன். இந்த முறை எடுத்துக் கல்லாவில் போட்டா. பிறகு உட்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தா. அங்கே கடைக்காரர் யாரோடோ போனில் பேசிக்கொண்டு நின்றார். புஷ்பம் மேசையில் குனிந்து, கோபமில்லாமல், மெதுவாகச் சொன்னா.

“அண்ணை, எங்கடை முதலாளி இந்தக் கடையை வாங்கலாமோ எண்டு யோசிக்கிறார். நீங்கள் ஒருக்கா அவரோடை கதைக்காமல் போங்கோ.”

போனேன், ஆனால் ஒன்று, நான் கைவைத்த வீதிகளில் அந்தப் பைபாஸ்தான் திறம், ஒரு குழி இல்லை, ஒரு நெரிசல் இல்லை, நிறுத்திக் குடிக்க ஒரு கோப்பியும் இல்லை.