பதினைந்தாவது கிலோமீட்டரில் நின்றவள்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அருவருப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. காலை ஏழரைக்குக் கையுறையை மாட்டினால் மத்தியானம் வரை சிறுநீர், சளி, மலம். எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில், பெயர் எழுதி ஒட்டியபடி வரும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால், "மூக்கால மூச்சு விடாதே, வாயால விடு. ரெண்டே நாள்ல பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த டப்பாவைத் திறப்பாள். எல்லாருக்கும் அவள் லேப் அக்கா. மத்தியானச் சாப்பாட்டை அந்த அறைக்கு வெளியே கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பதாவது வயதில், சொந்த வீட்டில், ஒரு ஜோடி காலுறையைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தது.

காலுறை அவள் கணவருடையது. ஈரமாக, சேற்று நிறத்தில், சோபாவின் கைப்பிடியில் செத்த எலிகளைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். பழத்தோல் அவர் சட்டைப் பைக்குள் போயிற்று.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, தொண்ணூற்றெட்டுக் கிலோ. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அலுவலகம் மூன்றாவது மாடியில். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, படியேறப் போய், இரண்டாவது மாடியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். மடியில் ஃபைல் இருந்ததா, மனு கொடுக்க வந்த ஜனங்கள் அவர் இன்று அங்கேதான் வேலை பார்க்கிறார் போலும் என்று நினைத்து வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். எழுந்திருக்க முடியாததால் அவரும் நாலு மனுவை வாங்கிக்கொண்டார். அலுவலகமே சிரித்தது. அந்த வாரமே அவர் பூங்காவில் ஓடுகிற ஆரஞ்சுச் சட்டைக் கூட்டத்தில் சேர்ந்தார். ஐந்து மாதத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயம். பெயரும் கொடுத்துவிட்டார்.

முதலில் அவளுக்கும் சந்தோஷம்தான். அவருடைய சர்க்கரை அளவை மாதாமாதம் சோதித்து எழுதி வைப்பவள் அவள்தானே. ஐந்து மணிக்கே எழுந்து முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். முதல் நாள் அவர் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடி, அந்தக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது பாவமாகக்கூட இருந்தது. கூட்டத்தார் அவருக்குப் புல்லட் என்று பெயர் வைத்தார்கள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பிறகுதான் வீடு நாற ஆரம்பித்தது.

தொடை உரசிப் புண்ணாகிறது என்று பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டார். உதடு வெடித்தால் அவள் தொட்டுக்கொள்கிற அதே டப்பாதான். ஒருநாள் திறந்து பார்த்தால் விரல் தோண்டிய பள்ளத்தில் நாலைந்து முடி. ஓடும்போது எப்படி மூக்குச் சிந்துவது என்று ஆரஞ்சுக் கூட்டத்தின் கோச் சொல்லிக் கொடுத்தாராம். ஒரு துவாரத்தை அழுத்திக்கொண்டு மறுபக்கம் சீறுவது. அதை அவர் கொல்லைப்புறத்தில், துணி காய்கிற கொடிக்குப் பக்கத்திலேயே பழகினார். கால் பெருவிரல் நகம் கறுத்துக் கழன்று விழுந்தபோது அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"பாரேன், முதல் நகம்! கோச்சுக்கு இதுவரைக்கும் ஏழு போயிருக்காம்."

"சோறு திங்கற இடம்ங்க இது."

"நீ ஆஸ்பத்திரியில பார்க்காததா?"

"அங்க யாரும் தட்டுப் பக்கத்துல கொண்டாந்து வைக்கிறதில்ல."

அவருடைய போனில் ஆரஞ்சுக் கூட்டத்தின் செய்திகள் விடியுமுன்னே டிங் டிங்கென்று வந்து விழும். எல்லாம் வயிற்றைப் பற்றித்தான். 'போச்சா?' 'ரெண்டு தடவை.' 'எனக்கு இன்னும் இல்ல.' கூடவே கட்டைவிரல் படம். அவளுடைய ஆய்வகத்திலேயே இதைவிட நாசூக்காகப் பேசுவார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு காலை, துவைக்கப் போட்டிருந்த அவருடைய சட்டையை இரண்டு விரலால் தூக்கினாள். சொட்டச் சொட்ட ஈரம். ஆனால் வாடை இல்லை. வழக்கமாக முதுகில் படியும் உப்புக் கோடும் இல்லை. வேலைக்குச் சேர மருத்துவச் சோதனைக்கு வருகிற சிலர், பயத்தில், சிறுநீருக்குப் பதில் டப்பாவில் குழாய்த் தண்ணீரை ஊற்றி இரண்டு சொட்டு டீ கலந்து நீட்டுவார்கள். மூடியைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த ஞாபகம் வந்தது. மறுவாரமும் சட்டை அப்படியே இருந்தது. கேட்கலாமா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஒரு சட்டைக்காகக் கட்டின புருஷனைச் சந்தேகப்படுவதா என்று அவளுக்கு அவள் மேலேயே ஒரு கசப்பு.

பந்தயத்தன்று லீவு போட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்ட தண்ணீரை ஒரு பெரிய புட்டியில் எடுத்துக்கொண்டு, பஸ் டெப்போவுக்கு எதிரே, பதினைந்தாவது கிலோமீட்டர் பலகைக்கு அடியில் போய் நின்றாள். "அங்கதான் எல்லாருக்கும் கால் ஓஞ்சுபோகும். அங்க நீ நில்லு, உன்னைப் பார்த்தா நான் ஓடிடுவேன்" என்று முந்தின நாள் அவர்தான் சொல்லியிருந்தார்.

அந்த இடத்தைப் போல ஒரு இடத்தை அவள் பார்த்ததில்லை. நசுங்கிய காகிதக் கோப்பைகளால் தார்ச்சாலை முழுக்கக் கூழாகக் கிடந்தது. வருகிறவர்கள் குடித்துவிட்டுத் துப்பினார்கள், குடிக்காமலும் துப்பினார்கள். ஒருவர் தெம்புக்குச் சாப்பிடுகிற ஜெல் பாக்கெட்டைக் கடித்துப் பிய்த்துச் சப்பிவிட்டு வீச, அது வந்து அவள் செருப்பில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. தற்காலிகக் கழிப்பறைப் பெட்டிகள் மூன்று. ஒன்றின் கதவுக்கு அடியிலிருந்து ஒரு ஓடை கிளம்பி அவள் நிற்கிற பக்கமாகவே வந்தது. தள்ளி நின்றாள். போகவில்லை. ஆரஞ்சுச் சட்டை தெரியும்போதெல்லாம் குதிகாலை உயர்த்திப் பார்த்தாள்.

ஆரஞ்சுச் சட்டைகள் தீர்ந்துபோயின. முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு கிழவி நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் குப்பை வண்டி. அவர் வரவில்லை.

அவள் கை காட்டி ஆம்புலன்ஸை நிறுத்தினாள். பின்கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள், காலி. போன் எடுக்கவில்லை. பந்தயம் வந்த வழியிலேயே எதிர்த் திசையில் ஓடினாள். ஐம்பது வயது, தேய்ந்த செருப்பு, கையில் குலுங்குகிற புட்டி. இருநூறு அடி ஓடுவாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மறுபடி ஓடுவாள். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று சாக்கடை ஓரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் போயிருப்பாள். அப்போது போன் அடித்தது.

"எங்கடி இருக்கே? நான் முடிச்சு அரைமணி நேரமாச்சு!"

முடிவிடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, கழுத்தில் பதக்கத்தோடு கோச்சுடன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கழுத்து காய்ந்திருந்தது. பக்கத்தில் போனால் சோப்பு வாசனை.

"பதினஞ்சாவது கிலோமீட்டர்ல உன்னைப் பார்த்தேனே! கை காட்டினேன், நீதான் வேற எங்கேயோ பார்த்துட்டு நின்னே" என்றார்.

அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஒரு மரத்தடியில் போய் வெறும் வயிற்றோடு கக்கினாள். "வெயில் ஒத்துக்கல போலிருக்கு" என்று அவர் கோச்சிடம் சொன்னது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பதக்கம் கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது. வேலைக்காக வேறு ஊரில் இருக்கிற மகள், போனில் "அப்பா, உன்னை நினைச்சா பெருமையா இருக்குப்பா" என்று அழுதாள். அவரும் அழுதார். அந்தக் கண்ணீர் நிஜமாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாத்தனார் பார்க்க வந்தாள். வருகிறவர்களுக்குச் சொல்லச் சொல்ல ஓட்டம் நீண்டுகொண்டே போனது. எட்டாவது கிலோமீட்டரில் ஒரு நாய், பன்னிரண்டில் ஒரு மேடு, பதினைந்தில் புட்டியோடு நிற்கும் பெண்டாட்டி.

"அவ முகத்தைப் பார்த்தேங்க்கா, காலுக்குத் தெம்பு வந்துருச்சு" என்று அக்காவிடம் அவர் சொன்னபோது, அவள் டீத் தட்டோடு வாசற்படியிலேயே நின்றாள். அவளையே பிடித்து அந்தப் பொய்க்குள் நட்டுவைத்துவிட்டாரே. டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவினாள். ஆய்வகத்தில் கழுவுகிற மாதிரி, முழங்கை வரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சொன்னார். "உங்க ஆஸ்பத்திரியில சர்க்கரை நோயாளிங்களுக்கு மாசாமாசம் கூட்டம் போடறாங்கல்ல? நான் வந்து பேசறேனே. பெரிய டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சட்டையில இருந்தது பைப் தண்ணி."

"எந்தச் சட்டை?"

"மூணு மாசமா நான் துவைச்ச சட்டை எல்லாந்தான். பந்தயத்தன்னைக்குப் போட்டிருந்ததும்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு மாதம் நிஜமாகவே ஓடினாராம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒருநாளும் முடியவில்லை. எல்லாரும் அவரைத் தாண்டிப் போய், சுற்றி வந்து மறுபடி தாண்டிப் போவார்களாம். அதிலிருந்து பூங்காவின் பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"சரி, பந்தயத்துல?"

"ஆறு கிலோமீட்டர் வரைக்கும் நிஜமாத்தான் போனேன். அந்த ஜெல் ஒத்துக்கல." குரல் இறங்கிவிட்டது. "வயிறு கலக்கிடுச்சு. பெட்ரோல் பங்க் கக்கூஸுக்குள்ள போறதுக்குள்ள... நிக்கர்லயே போயிடுச்சு. உள்ளேயே கழுவிட்டு, அலசிப் போட்டுட்டு, வீட்டுக்குப் போயிடலாம்னுதான் பஸ் ஏறினேன். பஸ் பந்தயம் முடியற மைதானத்துப் பக்கமா போச்சு. இறங்கினேன். நெஞ்சுல நம்பரைப் பார்த்ததும் ஒரு பொண்ணு ஓடி வந்து பதக்கத்தைக் கழுத்துல மாட்டிடுச்சு. எப்படிடி சொல்றது? சொன்னா நீ என்னைப் பத்தி என்ன நினைப்பே?"

"நிக்கர்ல போனதையா?" அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அது என் தொழிலுங்க! தினம் முப்பது பேரோடது என் கைக்கு வருது. நீங்க போன் பண்ணியிருந்தா நானே வந்து கழுவிவிட்டிருப்பேன். நான் உங்களைப் பொணமா சாக்கடையில தேடிக்கிட்டிருந்தேன். நீங்க எனக்குக் கை காட்டினேன்னு சொல்றீங்க. அதான் எனக்கு நாறுது."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவளும் கூப்பிடவில்லை.

மறுநாள் பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டு, பந்தயம் நடத்தியவர்களின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேஜையிலிருந்த பெண் ஒருமாதிரிச் சிரித்துவிட்டு, "வெச்சுக்கோங்க சார், ரெண்டு பெட்டி மிச்சம் கிடக்கு, எடுத்துட்டுப் போக ஆள் இல்ல" என்றாளாம். அதைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து நின்றவரைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கிக் குப்பைக்கூடையில், முட்டை ஓட்டுக்கு மேலே போட்டாள். அவர் தடுக்கவில்லை.

ஆரஞ்சுக் கூட்டத்திலிருந்து விலகினார். ஆனால் வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. தெருவிலேயே, கம்பத்துக்குக் கம்பம், பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போய்வந்தார். சட்டை நாறியது. நிஜமாக, வாசலிலிருந்தே மூக்கைத் துளைக்கிற அளவுக்கு நாறியது. அவள் திட்டிக்கொண்டேதான் துவைத்தாள். நாற்றம் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றெல்லாம் இல்லை. அதைத் தனி வாளியில் போட வைத்தாள், காலுறையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

எட்டு மாதம் கழித்து வேறொரு பந்தயத்தில் ஐந்து கிலோமீட்டர் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தள்ளுவண்டியில் குழந்தை வைத்துத் தள்ளுகிறவர்களும் ஓடுகிற வரிசை. அவள் இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை. ஸ்கூட்டரில் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தாள். ஐம்பத்து நாலு நிமிஷம் ஆயிற்று. கோட்டைத் தாண்டியதும் குனிந்து வாந்தி எடுத்தார், பாதி அவள் காலில். "அப்பாடா" என்று நிமிர்ந்தார். அவள் புட்டித் தண்ணீரால் முதலில் அவர் வாயையும் பிறகு தன் காலையும் கழுவினாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் அவருக்குப் போன் செய்தாள். "என்னடா, இருபத்தொண்ணு ஓடினவன் அஞ்சுக்குப் போயிட்டியாமே? உடம்பு சரியில்லையா?"

"அக்கா, அந்த இருபத்தொண்ணை நான் ஓடவே இல்ல. பாதியில பஸ் ஏறிட்டேன்."

"சும்மா அடக்கமாப் பேசாதேடா! நான் எங்க தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன்."

"இல்லக்கா, நிஜமாத்தான் சொல்றேன், பஸ்ல போனேன்."

"உன் குணமே இதான்டா, சின்ன வயசிலேர்ந்து பெருமை அடிச்சுக்கவே தெரியாது உனக்கு."

அவர் போனைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைச் சுளித்தபடி அப்படியே நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "சத்தமா."