சொந்த நாய்க்குக் கிடையாது

"தெரு நாயா, சொந்த நாயா?" என்பதுதான் அடிபட்ட நாய்களைக் காப்பாற்றும் சேலத்து அமைப்பில் போனை எடுத்த பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எங்கே அடிபட்டது, ரத்தம் நின்றதா என்றெல்லாம் கேட்கவில்லை. சொந்த நாய் என்றேன். "சாரிக்கா, எங்க உதவி தெரு நாய்க்கு மட்டும்தான். செலவு பண்ண முடியாதவங்க எதுக்கு நாய் வளர்க்கிறீங்க?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் வசதியைப் பார்த்துவிட்டா அவன் வந்தான்? எடப்பாடியில் நானும் என் கணவரும் விசைத்தறி ஓட்டும் பட்டறை வாசலில், மழையில் நனைந்த குட்டியாக வந்து நின்றான். தறி போடும் சத்தத்தில் நூல் மூட்டைமேல் ஏறித் தூங்கினான். அன்றிலிருந்து நாங்கள் உண்டதை அவனும் உண்டான். விலை கொடுத்து வாங்கினால்தான் சொந்தமா?

கடைக்கு என் பின்னாலேயே வந்தவனின் பின்னங்காலில் டிப்பர் லாரி ஏறிவிட்டது. கால்நடை மருந்தக டாக்டர் நல்ல மனிதர். ஊசி போட்டுக் கட்டும் போட்டார். "எலும்பு ரண்டா ஒடஞ்சிருக்குதுங்க. பிளேட் வெக்கோணும், இங்க வசதியில்லீங்க. சேலத்துல தனியார்ல பண்ணுவாங்க. தள்ளிப்போட்டுறாதீங்க, சீழ் வெச்சா உசுருக்கே ஆபத்து" என்றார். சேலத்தில் கேட்ட தொகைக்கு எங்கள் இருவர் கூலியும் எட்டாது. பட்டறை முதலாளியிடம் முன்பணம் கேட்டேன். "மாடுன்னாக்கூடப் பரவால்ல. நாய்க்காம்மா?" என்று சிரித்தார்.

எங்கள் பக்கம் மாட்டுக்குக் கடன் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. நாமக்கல் பண்ணையில் நாலு கோழி தலை தொங்கினால் டாக்டர் காரில் வந்து இறங்குவார். பால் கறக்காத, முட்டை போடாத உயிர் என்றால் மட்டும் எல்லோருக்கும் கை சுருங்கிக்கொள்கிறது.

"தெரு நாய்னே சொல்லிப்போடு புள்ள. உசுரு பொழைக்கட்டும்" என்றார் என் கணவர். முன்பு என் போனில் பேசியதால், இந்தத் தடவை அவர் போனிலிருந்து அதே இடத்துக்குக் கூப்பிட்டு, ரோட்டில் ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கிறது, மருந்தகத்தில் கட்டு மட்டும் போட்டிருக்கிறது என்றேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது. மதியத்துக்குள் வேன் வந்துவிட்டது. அதற்குள் அவன் கழுத்தில் நான் கட்டிய கறுப்புக் கயிற்றை அறுத்தெறிந்திருந்தேன். அவனைத் தூக்கியபோது உடம்பை முறுக்கிக்கொண்டு என் மடிக்கே வரப் பார்த்தான். "உங்ககிட்ட நல்லாப் பழகியிருக்கே?" என்றாள் வேனில் வந்த அந்தப் பெண். "எப்பவாச்சும் சோறு வெப்பேனுங்க" என்றேன்.

வைத்தியம் நன்றாகத்தான் செய்தார்கள். அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். கால் கூடிவிட்டது என்று தெரிந்ததும் பஸ் ஏறிச் சேலத்துக்கு ஓடினேன். அவனைத் தத்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள் அவள். எனக்கும் வேண்டுமென்றால் கேட்கலாமாம். கேட்டேன்.

"சொந்த வீடாக்கா? காம்பவுண்டு சுவர் இருக்கா? இதுக்கு முன்னாடி நாய் வளர்த்த அனுபவம் உண்டா?"

கூண்டுக்குள் அவன் என்னைக் கண்டு கத்திக் கம்பியில் முட்டிக்கொண்டிருக்கிறான். இவள் என்னிடம் அனுபவம் கேட்கிறாள்!

"அது என்ற நாயுங்க, நான் வளத்த நாயுங்க" என்று கத்திவிட்டேன்.

"ரோட்டுல அடிபட விட்டுட்டு, தெரு நாய்னு பொய்யும் சொல்லியிருக்கீங்க. உங்களை நம்பி எப்படிக்கா குடுக்கறது?"

வெறுங்கையோடு வந்தேன். அவனைச் சேலத்தில் ஏதோ ஒரு பங்களாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்திருக்கிறார்களாம். "உசுரோட இருக்கறானல்லோ, உட்டுத்தள்ளு" என்கிறார் என் கணவர். எப்படி விடுவது? கால் ஒடிந்தால் என் நாய், கால் கூடினால் ஊரான் நாயா? பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கக் காசில்லை என்று ஒருத்தி வந்து நின்றால், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டா அனுப்புவார்கள்? ஏழைக்கு உதவி வேண்டுமென்றால் தன் வீட்டு உயிரைத் தனதில்லை என்று சொல்ல வேண்டும்; சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டு பொய்க்காரி என்பார்கள். இதற்குப் பெயர் இரக்கமாம்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். கோபமெல்லாம் மறந்துவிட்டாளாம். "அனாதையாக் கிடந்த நாய்க்காகப் போன் பண்ணுன நல்ல மனசுக்காரங்கன்னு உங்களை எங்க ஃபேஸ்புக்குல போடறோம்க்கா. ரெண்டு வார்த்தை வீடியோவுல பேசி அனுப்புங்க. நன்கொடை வரும்" என்றாள்.

போனை அலமாரியில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து பேசினேன்:

"அவன் அனாதையில்லீங்க. அவனைக் கொண்டுபோனவீங்க இதைப் பாத்தாக் கேட்டுக்கோங்க. இடி இடிச்சா கட்டிலுக்கடியில போயிருவான். இழுக்காதீங்க, பக்கத்துல உக்காந்தாப் போதும். கூப்புட்டு வரலீன்னா அடிச்சுப்போடாதீங்க சாமி. நீங்க கூப்புடறது அவன் பேரு இல்லீங்க."