மஞ்சள் ஜெர்சிக்காரரின் செவி

பாறசாலை சந்தைக்குப் பின்னால் இருக்கிற கிறிஸ்தவ சபையில் கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பது இருபது வருஷமாக ரத்னாபாய்தான். அவள் குரல் மேலே ஏறினால் கடைசி பெஞ்சில் உறங்குகிற பெரியவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குரல் ஒரே ஒருவரிடம் மட்டும் எடுபடவில்லை. அவர் அவளுடைய கணவர் ராஜையன்.

ராஜையன் பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்தவர். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு சீ ஹாரியர் விமானங்களுக்குக் கைகாட்டுகிற வேலை. அந்த விமானம் தளத்தில் கொஞ்ச தூரம் ஓடி, நுனியில் இருக்கும் ஏற்றத்தில் ஏறி எழும்பிவிடும். திரும்பி வரும்போது கப்பலுக்குப் பக்கத்தில் வந்து அந்தரத்தில் நிற்கும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, தளத்துக்கு நேர்மேலே வந்து, நின்ற நிலையிலேயே செங்குத்தாக இறங்கும். கீழே நின்று இரண்டு கையாலும் அதை இறக்கிவிடுகிறவர் ராஜையன். 1994-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

"அந்தரத்துல நிக்கியதுக்கு அது என்னவாக்கும், தும்பியா?" என்று பக்கத்து வீட்டு வேதமாணிக்கம் கேட்பார். ‘நிக்கிற பிளேன்’ என்று பட்டப்பெயரும் விழுந்தது.

வீட்டிலும் அவருக்குக் கைதான் பேசும். சோறு போதும் என்றால் இரண்டு கையும் குறுக்கே போகும். ரத்னாபாய் கோபப்பட்டால் உள்ளங்கைகளைத் தரை பார்க்க வைத்து மெல்லத் தாழ்த்துவார். விமானத்தை இறக்குகிற அதே சைகை. அதைப் பார்த்தால் அவளுக்குப் பாதிக் கோபம் போய்விடும்.

கூப்பிட்டால் திரும்பாததுதான் குறை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேதமாணிக்கம் முணுமுணுத்தால் கேட்கும். போதகர் பேசினால் கேட்கும். அடுக்களையிலிருந்து அவள் கூப்பிட்டால் மட்டும் கேட்காது. "மனுசனுக்கு வேணுங்கியது மட்டுந்தான் செவியில ஏறும்" என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு 1998 ஆடி மழையோடு போயிற்று. கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து ரத்னாபாய்க்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. பின்வாசல் வழியாகப் பார்த்தால் உள்ளே ராஜையனின் முதுகு தெரிந்தது, எதிரே வேதமாணிக்கம். இருவரும் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று தரம் கூப்பிட்டாள். முதுகு அசையவில்லை. வேதமாணிக்கம்தான் பதறி எழுந்து ஓடிவந்தார். அதன் பிறகுதான் ராஜையன் வந்து அவளைத் தூக்கினார்.

"எனக்குக் கேக்கல்ல, ரத்னம்" என்றார் ஆஸ்பத்திரியில்.

"எதிர்ல இருந்த அண்ணனுக்குக் கேட்டுதே. ஒங்களுக்கு மட்டும் கேக்கல்லியா?"

அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எலும்பு கொஞ்சம் கோணலாகவே கூடியது. அவள் மனசும் அப்படித்தான். சோறு பொங்கினாள், பரிமாறினாள், துணி துவைத்தாள்; மூன்று வருஷம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

2001 டிசம்பரில் சங்குமுகம் கடற்கரைக்கு எதிரே கடற்படை சாகசம் காட்டப் போவதாகப் பேப்பரில் வந்தது. ராஜையன் பேப்பரை அவள் முன்னால் வைத்து, வருகிறாயா என்று கையால் கேட்டார். அவள் கிளம்பினாள். விமானம் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதுவும் பொய்யென்றால் இந்த மனுஷன் சொன்னதில் எதையுமே இனி நம்ப வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

ரயிலில் தம்பானூர் ஸ்டேஷன் வரை, அங்கிருந்து பஸ். கடற்கரை முழுக்கத் தலைகள். இருவரும் ஒரு பொட்டலம் கப்பலண்டிக் கடலை வாங்கிக்கொண்டு பேசாமல் கொறித்தார்கள். மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. வளர்ந்தது, தாழ்ந்தது, வேகம் குறைந்தது. கரைக்கு எதிரே தண்ணீருக்கு மேலே வந்து, நின்றது.

நிஜமாகவே நின்றது. கூடவே அந்தச் சத்தம். ரத்னாபாய் பொட்டலத்தைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள். பொத்தியும் அது விலா எலும்புக்குள் புகுந்து குலுக்கியது. சுற்றிலும் குழந்தைகள் வாயைப் பிளந்து அழுதார்கள், அழுகை கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். ராஜையன் காதைப் பொத்தவில்லை. கைகள் இரண்டும் மேலே இருந்தன. உள்ளங்கைகள் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தன. கண்ணீர் வழிந்தது, அவருக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. அத்தனை சந்தோஷமான முகத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

விமானம் போய்விட்டது. அவர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காதுக்குள் கொய்யென்ற இரைச்சல் மட்டும்.

"கேக்கல்ல" என்றாள். தான் சொன்னது தனக்கே கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன அதே வார்த்தை என்று உறைத்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

காது திறந்து கொஞ்ச நேரம் கழித்து, அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டாள்: "இதுக்குக் கீழயா நின்னிய? எத்தன வருசம்?"

"பத்து."

செவிமூடி தந்திருந்தார்கள். அவர் அதை மாறி மாறி ஒவ்வொரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொள்வாராம். எஞ்சின் சுருதி தப்பினால் செவிக்குத்தான் முதலில் தெரியும், மேலே இருக்கிறவன் உயிர் அதில்தான் என்பது அவர் கணக்கு. செவி மந்தமானது தெரிந்தால் தளத்திலிருந்து எடுத்து ஸ்டோர் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் வருஷாவருஷம் நடக்கும் காது சோதனையில், ஒலி எழுப்பும் பொத்தானை அமுக்குகிறவனின் விரலைப் பார்த்தே, கேட்டதுபோல் கையைத் தூக்கிச் சமாளித்திருக்கிறார். வீட்டில் உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார்.

"ஆம்பளைங்களுக்க கனத்த குரல் கேக்கும். மேல்சுருதியில போற சத்தம் ஒண்ணும் கேக்காது. குருவி கேக்காது, சைக்கிள் பெல் கேக்காது. பின்ன... நீ."

"அப்போ நான் சபையில பாடியது?"

"வாய் அசையியது தெரியும்."

"ஏன் சொல்லல்ல?"

"ஊரே கேக்க வாற குரலு. அது மட்டும் எனக்குக் கேக்காதுன்னு ஒங்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

அவளுக்கு அவரை நாலு திட்ட வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. சங்குமுகத்தில் அவ்வளவு கூட்டத்தில் இரண்டும் முடியாது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, கோணல் மணிக்கட்டோடு உள்ளங்கைகளைத் தரை பார்க்க வைத்து மெல்லத் தாழ்த்திக் காட்டினாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆர்மோனியம் வழக்கமான சுருதியைக் கொடுத்தது. ரத்னாபாய் அதை விட்டு வெகு கீழே இறங்கி, தொண்டையின் அடியிலிருந்து பாட்டை எடுத்தாள். கூடப் பாடும் பெண்கள் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேதமாணிக்கம் செருமினார். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், வழக்கம்போல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ராஜையன் சட்டென்று தலையைச் சாய்த்துச் செவி கொடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் பாட்டு சரியில்லை என்று சொல்லாத ஆளில்லை. ராஜையன் மட்டும் வீட்டுக்குப் போனதும் இன்னொரு தரம் பாடச் சொன்னார்.