ஆம்தார் வந்த முகூர்த்தம்

போன ஞாயிறு காலை ஆறரை மணி. மராட்டிய மண்ணில், கட்கியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி. பால் வண்டி. சோம்பல் முறிக்கும் ஒரு நாய். எம்.எல்.ஏ.வை மட்டும் காணோம்.

இங்கே எம்.எல்.ஏ.வை ஆம்தார் என்பார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன நண்பர் செல்வராஜ், மகள் கல்யாணத்துக்கு ஆம்தார் வருகிறார் என்று திருநெல்வேலியிலிருந்து வந்த அத்தனை சொந்தங்களிடமும் சொல்லியிருந்தார். முன்வரிசையில் அவருக்கென்று சிவப்பு வெல்வெட் சோபா. தாலி ஏறியது. பந்தி முடிந்தது. சோபா காலி.

செல்வராஜின் மச்சினர் சும்மா இருப்பாரா? "மாப்ள, சோபாவுக்கு அடியில இருக்காரான்னு குனிஞ்சு பாரு" என்றார். மண்டபமே சிரித்தது. செல்வராஜ் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக இருக்கும் இந்த ஊரில் தனக்கும் ஆள் இருக்கிறது என்று காட்ட அவருக்குக் கிடைத்த ஒரே காலை அது...

இத்தனைக்கும் இந்த ஆம்தார் கல்யாணங்களை விடுகிறவரே இல்லை. ரேஷன் ஆபீஸ் வாசலில் பிறருக்கு மனு எழுதிக் கொடுத்து ஆரம்பித்த அரசியல். கவுன்சிலர், பிறகு சட்டசபை, நடுவில் ஒரு தோல்வி. அதற்குக் காரணம் கட்சிப் பிளவு என்று பத்திரிகைகள் எழுதின. அவரைக் கேட்டால், ஒரு சந்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போகாததுதான் என்பார்.

சாயங்காலம் ஆறரைக்கு அவருடைய பி.ஏ. எனக்குப் போன் செய்தார். மண்டபத்தில்தான் இருக்கிறோம், உங்கள் ஆட்கள் ஒருவரையும் காணோமே என்றார். பின்னணியில் பேண்டு வாத்தியம் — மாலையில் அதே மண்டபத்தில் வேறொரு கல்யாணம்! ஆம்தார் அட்சதை போட்டு, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, போட்டோவும் எடுத்துக்கொண்ட பிறகுதான் பெண்ணின் அப்பாவைப் பார்த்திருக்கிறார். எதிர்க்கட்சியின் பூத் ஏஜெண்ட்.

தப்பு யாருடையது? என்னுடையது. மராட்டியர்களுக்கு அந்தி நேர முகூர்த்தம் சர்வசாதாரணம். கல்யாணப் பத்திரிகையில் '6 – 7.30' என்று பார்த்த பி.ஏ. மாலை என்று குறித்துக்கொண்டுவிட்டார். 'காலை' என்ற சொல் தமிழ்ப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவன் நான். முகூர்த்தம் என்றால் காலைதானே, அதைப் போய் எழுதுவார்களா?

அடுத்த அரைமணியில் ஆம்தார், லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஏறி செல்வராஜ் வீட்டில் நின்றார். மாப்பிள்ளை கைலியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். பெண் நைட்டியோடு உள்ளே ஓடியது. பட்டெல்லாம் வேண்டாம், அப்படியே வந்து நில்லுங்கள் என்று ஹிந்தியில் சொல்லி, ஜிப்பா பையிலிருந்து ஒரு பிடி அட்சதையை எடுத்து இருவர் தலையிலும் தூவினார்.

"வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன் சாஹேப்" என்று செல்வராஜ் தட்டுத்தடுமாறி ஹிந்தியில் சொன்னார். கண் கலங்கிவிட்டது.

கீழே இறங்கும்போது ஆம்தார் என் காதோரம் சொன்னார்: "காலை ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டா அது சுடுகாட்டுக்குத்தான். கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட்டதில்ல."

ஓட்டுக்காகத்தான் வந்தார் என்கிறீர்களா? இருக்கட்டுமே. தப்பான வாசலில் ஏறிவிட்டால், சரியான வாசலைத் தேடிக்கொண்டு நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

மறுநாள் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது மச்சினர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். "அண்ணாச்சி, தை மாசம் நம்ம பயலுக்குக் கல்யாணம். ஆம்தாரு பாளையங்கோட்ட வரைக்கும் வருவாரா? கேட்டுச் சொல்லுங்க."

அங்கே அவருக்கு ஓட்டு இல்லையே என்று நான் சொல்லவில்லை. ஆம்தாரிடம் கேட்டால் அவரும் சொல்லமாட்டார்!