பன்னிரண்டாவது பேட்டரி

மோட்டார் வைண்டிங் கடைக்காரரை எல்லோரும் ‘பியூஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு, மலைக் கிராமங்களுக்குக் கூலி வாங்காமல் சோலார் விளக்கு மாட்டப் போகிறார். “சொந்த வீட்டு மாடிப்படி இருட்டாக் கெடக்கு. துரை, மலைக்கு வெளிச்சம் போடக் கிளம்பிட்டாரு” என்பாள் மனைவி.

இந்த ஞாயிறு, முன்பு விளக்கு மாட்டிய ஓர் ஊருக்கு அவர் மேலே வந்து சேர்ந்த பிறகு மழையில் பாதை சரிந்துவிட்டது. சுகாதார நிலைய வாசலிலேயே நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

“உள்ள ஒருத்திக்கு வலி எடுத்திருச்சுண்ணே. கீழ கொண்டுபோக வழியில்ல. லைட் எரியல, ஒரு போன்லயும் சார்ஜ் இல்ல. மண்ணெண்ணெய் விளக்கை வச்சுத் தையல் போட முடியுமா?”

பேட்டரி மூடியைத் திறந்து சோதித்தார். சார்ஜ் பார்க்கும் அளவுக் குழாயில் அமிலத்தை உறிஞ்சினார்; மிதவை எழாமல் அடியிலேயே கிடந்தது.

“நான் குடுத்த கேன் எங்கம்மா?”

“அந்த பேட்டரி தண்ணி போன வருஷமே தீர்ந்துச்சு. அதே கேன்ல ஊத்துத் தண்ணி பிடிச்சு ஊத்துறோம். கண்ணாடியாட்டம் இருக்கும்ணே.”

அவர் மூடியைத் திருகி மூடினார். எவ்வளவு தெளிந்த ஊற்றானாலும் அதிலுள்ள உப்பு பேட்டரியைத் தின்றுவிடும். குறைந்தால் ஊற்றுங்கள் என்று சொல்லிக் கேனைக் கொடுத்தவர், கேன் காலியானால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

வீடு வீடாக ஓடினார். இன்னும் பத்து பேட்டரிகள். எல்லாவற்றிலும் ஊற்றுத் தண்ணீர், குறித்த கோடு பிசகாமல் நின்றது. எல்லாம் செத்திருந்தன.

கடைசி வீடு தையல்கார அக்காவுடையது. முதல் நாளிலிருந்தே அவரை நம்பாதவள்.

“ஆசிட் பெட்டியை யாருப்பா திறப்பா? நான் சொட்டுத் தண்ணி ஊத்தல. அரை மணி நேரம் தைப்பேன், விளக்கை அணைச்சிருவேன்.”

மிதவை பாதிவரை எழும்பியது. ஒரு வாரமாக வெயிலே இல்லை, அதுவே பெரிது.

“பிரசவத்துக்கு வேணும். குடுத்துரு, அக்கா.”

“திரும்பி வர்றப்ப இப்படியே இருக்குமா?”

“இருக்காதுக்கா. சார்ஜ் ஒட்ட எறங்கிட்டா மறுபடி ஏறாது.”

அவள் மிஷினைப் பார்த்தாள். பிறகு அதில் பாதி தைத்துக் கிடந்த துணியை உருவி, சும்மாடாகச் சுற்றி அவர் தலையில் வைத்தாள்.

“தூக்கு. நான் ஒரு கை பிடிக்கிறேன்.”

இருட்டும் நேரத்தில் சுகாதார நிலையத்தில் விளக்கு எரிந்தது. கட்டிலில் இருந்தவள் கண் கூசி முகம் திருப்பினாள்.

“எவ்வளவு நேரம் தாங்கும்ணே?”

“ரெண்டு மணி நேரம். மிஞ்சினா மூணு.”

“தலைப்பிரசவம். விடிஞ்சாலும் விடியும்.”

அவர் விளக்கை அணைத்தார். “தலை தெரியறப்ப குரல் குடும்மா.”

சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. அதன் கீழே நின்றுகொண்டார். உள்ளே அலறல் எழும்போதெல்லாம் விரல் சுவிட்சுக்குப் போனது. நர்ஸ் இன்னும் கூப்பிடவில்லை.